.22 ரைபிள் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

கோலாலம்பூர்ப் புறநகரில் உள்ள எங்கள் துப்பாக்கிச் சுடும் கழகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கழகத்தின் .22 ரைபிள்களை (0.22 அங்குலக் குண்டு சுடுபவை) பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நான் ஆர்மரர், அதாவது துப்பாக்கிப் பழுது பார்க்கும் வல்லுநர், இல்லை. ஆர்மரரைக் கூப்பிட வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்பவன். புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, இதற்கு என்ன வாங்கிப் பொருத்தலாம்?" புதுக் குழல், புதுத் தொலைநோக்கி, இணையத்தில் பார்த்த சைலன்சர் என்று பட்டியல் நீளும். பத்தில் எட்டு முறை கோளாறு தோட்டாப் பெட்டியிலோ, தளர்ந்த ஒரு திருகிலோ, துடைக்காத அழுக்கிலோதான் இருக்கும். கீழே உள்ள வரிசை செலவில்லாததில் தொடங்கிப் பணம் கேட்பதில் முடிகிறது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்பு குழல் குறிப்பலகைப் பக்கம் இருக்கட்டும். மகசினை (தோட்டாக்களை அடுக்கும் கூடு) கழற்றுங்கள், போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் தாழ்) திறங்கள், தோட்டா அறையைக் கண்ணால் பார்த்த பிறகு சுண்டு விரலாலும் தடவிப் பாருங்கள். பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பது கணக்கில் சேராது. பழுது பார்க்கும் ஒவ்வொரு முறையும் சுடுதளப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அறிகுறி 1: சத்தம் காதைக் கிழிக்கிறது

.22 தானே, பட்டாசுச் சத்தம்தானே என்று அலட்சியம் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். .22 ரைபிளின் உச்ச ஒலி 140 டெசிபலை ஒட்டியே வரும். காதுக்கு நிரந்தரக் கேடு தொடங்கும் வாசல் அது. தீபாவளிப் பட்டாசை ஒரு நாள் கேட்டு மறந்துவிடுகிறோம். இதையோ ஒரு காலைப் பொழுதில் அறுபது, எழுபது முறை கேட்கிறோம்.

*காதுக் கவசம் போட்டும் சத்தம் உறைக்கிறதா?*

முதலில் மூக்குக் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியின் தடித்த கால் கவசத்தின் மெத்தையைத் தூக்கிவிடும்; அந்த மெல்லிய இடுக்கு வழியாகச் சத்தம் புகுந்துவிடும். மெல்லிய கால் உள்ள பாதுகாப்புக் கண்ணாடிக்கு மாறினாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும். தொப்பியும் தலைத்துணியும் மெத்தைக்கு அடியில் சிக்கினால் இதே கதைதான். பிறகு மெத்தையை அழுத்திப் பாருங்கள். நம் வியர்வையும் வெயிலும் சேர்ந்து அதை இறுக வைத்துவிடுகின்றன. வெடிப்பு விழுந்திருந்தால் மெத்தையை மட்டும் மாற்றலாம், முழுக் கவசமும் தேவையில்லை.

நுரை அடைப்பான் போடுபவர்களில் பாதிப்பேர் அதைக் காதின் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு சென்று காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, அடைப்பானை உள்ளே விட்டு, விரியும்வரை விரலை எடுக்காதீர்கள். எதிரில் நிற்பவர் பார்த்தால் அடைப்பான் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. தகரக் கூரைக்குக் கீழே சுடும்போது அடைப்பான், கவசம் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டும் சத்தத்தைத் தணிக்கும் அளவு அப்படியே கூடிவிடாது. கூடுதலாக ஐந்து டெசிபல் அளவுக்குக் கிடைக்கும். அந்த ஐந்தும் வீண் இல்லை.

*'சுளீர்' என்று சவுக்கடி போல ஒரு ஒலி சேர்ந்து வருகிறதா?*

அது குழலின் வாயிலிருந்து வருவதில்லை. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது வழியெல்லாம் எழும் அதிர்வு அது. தோட்டாப் பெட்டியைத் திருப்பி வேகத்தைப் படியுங்கள். அதிவேகத் தோட்டா நொடிக்கு 370 முதல் 390 மீட்டர் வரை போகும். போட்டிகளுக்கான சாதாரண வேகத் தோட்டா 325 அல்லது 330 மீட்டரில் நிற்கும்.

இந்த விஷயத்தில் வெயில் நம் பக்கம் இருக்கிறது. 20 டிகிரி குளிரில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. கோலாலம்பூரின் 32 டிகிரியில் அது சுமார் 350. குளிர் நாட்டில் எல்லைக்கோட்டில் ஊசலாடும் சாதாரண வேகத் தோட்டா இங்கே நிம்மதியாக எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. பெட்டியை மாற்றிப் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். சவுக்கடி நின்றுவிட்டால் வேலை முடிந்தது. 50 மீட்டரில் குறியும் திருந்தியிருப்பதைக் கவனிப்பீர்கள். அதிவேகக் குண்டு வழியில் ஒலி எல்லையைக் கடந்து கீழே இறங்கும்போது தடுமாறும்.

*தோட்டாவை மாற்றியும் முழக்கம் குறையவில்லையா?*

நீங்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பக்கச் சுவருக்கு ஒட்டிய தடத்தில் சுடுபவருக்கு எதிரொலி இரட்டிப்பாகத் தெரியும். நடுத்தடத்துக்கு மாறுங்கள். அடுத்தது குழலின் நீளம். .22 தோட்டாவின் மருந்து மிகக் கொஞ்சம். நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் குழலுக்குள்ளேயே அது செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிடுகிறது. அதனால்தான் 65 சென்டிமீட்டர் குழல் உள்ள பழைய போட்டி ரைபிள் அடக்கமாகப் பேசுகிறது, குட்டைக் குழல் ரைபிள் கத்துகிறது. கழகத்தில் இரண்டும் இருந்தால் நீளமானதைக் கேட்டு வாங்குங்கள். செலவு ஒரு சென் கூட இல்லை.

*சைலன்சர் பொருத்தினால் என்ன?*

பொருத்தாதீர்கள். சட்டத்தைச் சொல்வதற்கு முன் பயனைச் சொல்லிவிடுகிறேன். சைலன்சர் குழல் வாயில் வெளியேறும் வாயுவின் முழக்கத்தை மட்டுமே தணிக்கும். குண்டு பறக்கும்போது எழும் சவுக்கடியை அது தொடாது. நியூசிலாந்து போல அது சாதாரணமாகப் புழங்கும் நாடுகளில்கூட .22 வைத்திருப்பவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது ஒலி வேகத்துக்குக் கீழான தோட்டாவைத்தான். .22 குண்டு வெறும் ஈயம் என்பதால் கருவிக்குள் ஈயமும் கரியும் அப்பிக்கொள்ளும், அதைத் துடைப்பது தனி வேலை. குழலோடு நேர்கோட்டில் இல்லாவிட்டால் குண்டு உள்ளே உரசும். அந்தத் தொல்லையை எல்லாம் அவர்கள் சட்டப்படி ஏற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில்கூட 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும்.

இங்கே நிலைமை வேறு. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி. சென்ற ஆண்டு ஒரு தம்பி கைப்பேசியில் ஒரு விற்பனைப் பக்கத்தைக் காட்டினான். சுத்தம் செய்யும் திரவத்தைப் பிடித்துவைக்கும் குழாய் என்று போட்டிருந்தது, விலையும் மலிவு. "சுத்தம் செய்யத்தானே, அண்ணே?" என்றான். உள்ளே அடுக்கியிருந்த கிண்ணங்களைப் பார்த்தவுடனேயே அது சைலன்சர்தான் என்று தெரிந்துவிட்டது. சுங்கத்துறைக்கும் காவல்துறைக்கும் தெரியாதா? பக்கத்தை அந்த இடத்திலேயே மூட வைத்தேன். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தாலும் இது ஆகாது. பன்னாட்டுப் போட்டி விதிகள் ரைபிள் குழலின் வாயில் வாயுவைத் திருப்பும் கருவி எதையும் அனுமதிப்பதில்லை.

*சத்தத்தோடு முகத்தில் வாயுவோ துகளோ அடிக்கிறதா?*

நிறுத்துங்கள். இது காதுப் பிரச்சினை அல்ல. தோட்டா உறையின் (மருந்தைத் தாங்கும் உலோகக் கூடு) விளிம்பு கிழிந்து வாயு பின்னோக்கி வருகிறது, அல்லது போல்ட் முழுதாகப் பூட்டுவதில்லை. அந்த உறையை எறியாமல் எடுத்து வைத்து, ரைபிளோடு ஆர்மரரிடம் கொடுங்கள். இன்னொரு பெட்டியால் சோதித்துப் பார்க்கும் வேலை இங்கே கிடையாது.

அறிகுறி 2: விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை

முதலில் காத்திருங்கள். குழல் குறிப்பலகைப் பக்கமே இருக்க, முப்பது நொடி எண்ணுங்கள். அரிதாகத் தோட்டா தாமதித்து வெடிப்பதுண்டு. பிறகு போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்து, விளிம்பில் விழுந்த குறியைப் பாருங்கள். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லை, விளிம்பைச் சுற்றி உள்ளே இருக்கிறது. அடிக்கும் ஊசி விளிம்பை நசுக்கினால்தான் பற்றும்.

*குறி ஆழமாக இருக்கிறது.* ரைபிள் தன் வேலையைச் செய்துவிட்டது. விளிம்பில் அந்த இடத்தில் மருந்து பரவவில்லை. மலிவுப் பெட்டியில் ஐம்பதுக்கு ஒன்று இப்படி வந்தால் நான் கவலைப்படுவதில்லை. மூன்று, நான்கு வந்தால் அந்தப் பெட்டியைத் தனியே வைத்துவிட்டு வேறு தயாரிப்பை எடுங்கள். வெடிக்காத தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்; சுடுதளத்தில் அதற்கென்று ஒரு டப்பா இருக்கும். கணக்குப் புத்தகத்திலும் எழுத வேண்டும்.

*குறி மேலோட்டமாக இருக்கிறது.* தோட்டா அறையின் வாயில் குண்டில் பூசிய மெழுகும் கரியும் படிந்து, தோட்டா முழுதாக உள்ளே போகாமல் நின்றிருக்கலாம். ஊசியின் அடியில் பாதி விசை தோட்டாவைத் தள்ளுவதிலேயே செலவாகிவிடும். அறையைத் தூரிகையால் சுத்தம் செய்து பாருங்கள். அது உதவாவிட்டால் போல்ட்டின் உட்புறம். யாரோ நல்ல மனத்தோடு கனமான எண்ணெயைக் கொட்டியிருப்பார்கள். தூசி சேர்ந்து அது பசையாகிவிட்டிருக்கும். துடைத்து, உலரவிட்டு, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். அதற்குப் பிறகும் குறி ஆழமாகவில்லை என்றால் சுருள்வில் தளர்ந்திருக்கிறது. வில் மாற்றுவது சிறிய செலவுதான், ஆனால் ஆர்மரர் செய்யட்டும்.

*குறியே இல்லை.* ஊசி உடைந்திருக்கலாம். ஆர்மரர்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் வழக்கம் பல .22 ரைபிள்களுக்கு விஷம். தாங்குவதற்கு விளிம்பு இல்லாததால் ஊசி அறையின் ஓரத்திலேயே அடித்து அங்கே ஒரு சிறு மேட்டை எழுப்பிவிடும். தோட்டா உள்ளே போகும்போது ஒரே இடத்தில் தட்டுகிறது என்றால் கைவிளக்கால் அறையின் ஓரத்தைப் பாருங்கள். மேடு தெரிந்தால் அரத்தை எடுக்காதீர்கள், அதற்கென்று உள்ள கருவி ஆர்மரரிடம் இருக்கிறது. கையேடு அனுமதிக்காத ரைபிளில் வெறும் விசை இழுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

அறிகுறி 3: 'புஸ்' என்று ஒரு மெலிந்த சத்தம்

இதற்கு உட்பிரிவே கிடையாது. அடுத்த குண்டைச் சுடாதீர்கள்.

உதைப்பு குறைவாக, சத்தம் மெலிந்து, குறிப்பலகையில் துளை இல்லாமல் போனால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் இன்னொரு குண்டை அனுப்பினால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். மகசினைக் கழற்றி, அறையைக் காலி செய்து, போல்ட்டை முழுதாக வெளியே எடுத்து, பின்புறத்திலிருந்து குழலை வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அந்த ரைபிளின் அன்றைய வேலை முடிந்தது. சிக்கிய குண்டைத் தட்டி எடுக்கும் முயற்சியில் குழலின் உட்புறத்தைக் கீறியவர்களை எனக்குத் தெரியும். ஆர்மரர் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

அறிகுறி 4: குண்டுகள் சிதறுகின்றன

கோபம் அதிகம் வரும் இடம் இது. 50 மீட்டர் ரைபிள் குறிப்பலகையின் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். குண்டின் குறுக்களவு 5.6. தவறுவதற்கு இடமே இல்லாத ஆட்டம். முதல் சோதனை மிக எளிது: அதே ரைபிளை, அதே தோட்டாவோடு, நன்றாகச் சுடும் ஒருவரிடம் கொடுத்து மணல் மூட்டையில் வைத்துப் பத்துக் குண்டு சுடச் சொல்லுங்கள். குண்டுகள் ஒன்றாக விழுந்தால் மேலே படிக்கத் தேவையில்லை, பயிற்சியாளரைப் பாருங்கள். அவருக்கும் சிதறினால் கீழே வாருங்கள்.

*போன வாரம் நன்றாக இருந்தது, இந்த வாரம் நாலாபக்கமும் சிதறுகிறது.* தோட்டாவின் தயாரிப்புத் தொகுதி எண் மாறியதா? ஒரே பெயர், ஒரே பெட்டி, எண் மட்டும் வேறு என்றாலும் .22 கண்டுபிடித்துவிடும். பெயரே மாறியிருந்தால் பழைய மெழுகு குழலில் இருக்கிறது. பத்து, இருபது குண்டுகள் போன பிறகுதான் புதிய தோட்டா தன் குணத்தைக் காட்டும். முதல் ஐந்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நல்ல தொகுதி ஒன்று கிடைத்தால், பணம் இருந்தால், கூடுதலாக அதையே வாங்கி உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லிக் கழகத்தைக் கேளுங்கள். உரிமத்தில் எவ்வளவு தோட்டா வைத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறதோ அதுவரைதான்.

தோட்டா அதேதான் என்றால் திருகுகள். ரைபிளை மரத்தோடு (தோளில் தாங்கும் மரக்கட்டை) பிணைக்கும் இரண்டு திருகுகளும் தொலைநோக்கியின் வளையத் திருகுகளும். டார்க் ஸ்பேனர் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், கை உணர்ச்சியை நம்பாதீர்கள். பின்புறப் பார்வைத் துளையை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒரு முறை மூன்று வாரம் ஒரு ரைபிளைத் திட்டித் தீர்த்தோம். கடைசியில் பார்வைத் துளையின் அடித்தளத் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. திட்டியவர்களில் முதல் ஆள் நான்.

*சூடேறச் சூடேற ஒரு பக்கமாக நகர்கிறது.* ஒரு துண்டுக் காகிதத்தைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள். எங்காவது சிக்கினால் மரம் குழலைத் தொடுகிறது. நம் ஊர் ஈரத்தில் மரம் ஊதுவது இயல்பு. நவம்பர் மழையில் சிக்கும் ரைபிள் பிப்ரவரி வெயிலில் சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மரத்தைச் சீவுவது ஆர்மரர் வேலை.

*இடது வலதாகக் கோடு போல விழுகிறது.* காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் பக்கக் காற்று 50 மீட்டரில் குண்டை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். பிற்பகல் இடிமழைக்கு முன்னால் வீசும் காற்றில் ரைபிளைச் சோதிக்காதீர்கள்; காலை ஒன்பதுக்கு முன் சோதியுங்கள்.

*எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் சிதறுகிறது.* குழலைச் சுத்தம் செய்யுங்கள், ஆனால் கம்பியை எப்போதும் பின்புறத்திலிருந்துதான் விட வேண்டும். முன்வாயிலிருந்து விட்டால் கம்பி வாயின் ஓரத்தைத் தேய்க்கும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அது, அங்கே ஒரு சிறு தழும்பு போதும். பூதக்கண்ணாடியால் வாயைப் பாருங்கள். தழும்பு இருந்தால் அதைச் சீர்ப்படுத்த முடியும். குழலின் உட்புறமே தேய்ந்திருந்தால் புதுக் குழல்தான். ஆனால் நல்ல .22 குழல் பல்லாயிரம் குண்டு தாங்கும் என்பதால் என் காலத்தில் அந்த நிலைக்கு வந்தவை மிகச் சில.

அறிகுறி 5: காலி உறை வெளியே வரவில்லை

உள்ளே இருப்பது காலி உறைதானா, வெடிக்காத தோட்டாவா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். தோட்டா என்றால் நெம்பாதீர்கள், குத்தாதீர்கள். விளிம்பில்தான் மருந்து இருக்கிறது. பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

காலி உறை என்றால் போல்ட்டின் முனையில் உள்ள கொக்கியைப் பல் துலக்கும் தூரிகையால் தேயுங்கள். கொக்கிக்கு அடியில் கரி அடைத்திருக்கும். பிறகு அறையின் உட்சுவர்: கரி வளையம் படிந்தால் உறை ஒட்டிக்கொள்ளும். கொக்கியின் முனை மழுங்கியிருந்தால் புதுக் கொக்கி, மலிவுதான். உறை வெளிவந்த பிறகு அதன் பக்கங்களைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தடம் இருந்தால் அறைக்குள் துரு குழி பறித்திருக்கிறது. அது ஆர்மரருக்கு, மலிவாக முடியாது.

தோட்டா மகசினிலிருந்து மேலே ஏறும்போது குண்டின் மூக்கு சிராய்ந்தால் மகசினின் உதடு வளைந்திருக்கிறது. வேறு மகசின் போட்டு ஒரு முறை சோதித்தால் தெரிந்துவிடும். வளைந்ததை இடுக்கியால் நிமிர்த்த முயன்று இன்னும் கெடுத்துவிடுவோம். புதிது வாங்குங்கள்.

அறிகுறி 6: துரு

செம்பழுப்புத் தூள் மேலாக மட்டும் இருந்தால் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். விரல் ரேகை வடிவிலேயே துரு பிடித்திருக்கும், வியர்வை உப்பு. யாருடைய விரல் என்று கண்டுபிடிக்கும் வேலை எங்கள் கழகத்தில் ஒரு பொழுதுபோக்கு. நுரை மெத்தை உள்ள பெட்டி கொண்டுபோக மட்டும்; அதில் ஒரு வாரம் விட்டால் நுரை குடித்த ஈரம் முழுவதும் இரும்புக்கு வந்து சேரும். ஆயுத அறையின் அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை வையுங்கள், நிறம் மாறியவுடன் காய வையுங்கள்.

துடைத்த பிறகும் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்புறத்தில் என்றால் அழகு போனது, அவ்வளவுதான். அறைக்குள்ளோ குழலின் வாயிலோ இருந்தால் ஒரு சீட்டில் எழுதி விசைக்காப்பில் கட்டி, ஆர்மரரின் அலமாரியில் வைத்துவிடுங்கள். சீட்டில் தேதி, கடைசியாகச் சுட்ட தோட்டாவின் பெயர், தொகுதி எண் மூன்றும் இருக்கட்டும். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.